ஆஸ் ஜோடி வந்தால் என்ன செய்வது

ஜூன் 18, ஞாயிறு

சீட்டாட்டத்துக்கு நோட்டு போடும் முதல் பெண்பிள்ளை இந்தத் தூத்துக்குடியில் நானாகத்தான் இருப்பேன். "ஆடுன ஆட்டத்த எழுதி வைங்க மேடம், எங்க தப்பு பண்ணுதியன்னு உங்களுக்கே தெரியும்" என்று மச்சாது சார் சொன்னார். சரி, மகன் கம்பெனியில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெள்ளையாகக் கிடக்கிறது, அதில் எழுதுவோமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஆட்கள். எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் ஞாயிறு மூன்று மணிக்கு நாலு பேர் கூடுவோம். உப்பளம் வைத்திருக்கும் வெயிலுமுத்து அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பியூலா. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் "லைன்ல இருங்க" என்று சொல்லியே தொண்டை தேய்ந்த உலகம்மாள், அதாவது நான். நாலாவது, போன வருடம் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த ஹிலாரி மச்சாது சார். கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்தவர். மனைவி தவறி ஆறு வருடம். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது.

நாங்கள் மூன்று பேரும் பரம்பரை ரம்மிக்காரர்கள். பொங்கல் முடிந்ததும் மச்சாது சார் போக்கர் சொல்லிக்கொடுத்தார். கையில் இரண்டு சீட்டு வரும். நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும், அது எல்லோருக்கும் பொது; கையிலிருப்பதோடு சேர்த்து யாருக்குப் பெரிய சேர்க்கை அமைகிறதோ அவருக்கு ஜெயம். கையிலிருக்கும் இரண்டைப் பார்த்ததுமே பந்தயத்தை ஏற்றுவதா, மேஜையைத் தட்டிவிட்டு சும்மா இருப்பதா, கவிழ்த்துவிட்டு எழுந்து போவதா என்று முடிவு செய்ய வேண்டும். பந்தயத்துக்கு முதலில் மக்ரூன் வைத்தோம். இரண்டாவது ஆட்டத்திலேயே அண்ணாச்சி தன் மூலதனத்தைத் தின்று தீர்த்துவிட்டார். அதிலிருந்து சோழி.

இன்று எனக்கு ஆஸ் ஜோடி வந்தது. முதல் இரண்டு சீட்டில் அதைவிடப் பெரிய கை கிடையாது. நான் என்ன செய்தேன்? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மேஜையைத் தட்டினேன். ரம்மியில் அதுதானே வழக்கம்! நல்ல கை வந்தால் வயிற்றுவலி வந்த மாதிரி உட்கார வேண்டும், பல்லைக் காட்டினால் எதிராளிகள் அத்தனை பேரும் ஸ்கூட் என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். எனவே தட்டினேன். எல்லோரும் இலவசமாக உள்ளே வந்தார்கள். பியூலா கையில் ஏழும் நாலும், குப்பை. நடுவிலும் ஒரு ஏழு, ஒரு நாலு. ஒற்றை ஜோடியை இரண்டு ஜோடி அடித்துவிடும், கடைசியில் நான் வைத்த சோழியையெல்லாம் வாரிக்கொண்டாள்.

"ஏழும் நாலும் வச்சுக்கிட்டு என்ன தைரியத்துல வந்த?" என்றேன்.

"நீ தட்டுனியே, யாரு வரவேண்டாம்னா?" என்றாள்.

ஜூன் 20, செவ்வாய்

மச்சாது சார் வந்து அடுக்களைக் குழாயைப் பார்த்துவிட்டுப் போனார். போன வாரம் ஒழுகியது, அன்றே சரிசெய்துவிட்டார். இன்று ஒழுகவில்லை. ஒழுகவில்லையா என்று பார்க்க வந்தாராம். கப்பல் ஆட்கள் எதையும் இரண்டு தடவை பார்ப்பார்கள் போலிருக்கிறது. காப்பி கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் குழாயைப் பற்றியே பேசவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

குறிப்பிடும்படியான கை ஒன்றும் வரவில்லை. பியூலா ஒரு தூக்குச்சட்டி நிறைய ஊளிமீன் குழம்பு கொண்டுவந்து சாரிடம் கொடுத்தாள். "ராத்திரிக்கு வச்சுக்கிடுங்க, தனியா என்னத்தப் பொங்கிக்கிட்டு" என்றாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்து அவர் கண்ணை மூடினார். மாடி அறையில் மீன் வாசம் வேண்டாமே என்று நான் சொன்னேன். சைவ வயிறு, எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. வேறு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து அவியல் வைத்தேன். அதிகமாகிவிட்டது. மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 2, ஞாயிறு

மறுபடியும் ஆஸ் ஜோடி! இந்தத் தடவை ஏற்றினேன். ஒரே ஒரு சோழி. யாரும் பயந்துவிடக் கூடாதே என்று. யாரும் பயப்படவில்லை, மூன்று பேரும் சந்தோஷமாக ஆளுக்கொரு சோழி போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அண்ணாச்சிக்கு அஞ்சு கிளாவர் சேர்ந்துவிட்டது, என் ஜோடி எடுபடவில்லை. "உப்பு வியாபாரிக்கும் நேரம் வரும்லா?" என்று ஆடினார்.

ஆட்டம் கலைந்ததும் ரோச் பூங்கா வரை நடந்தோம், மச்சாது சாரும் நானும். அண்ணாச்சிக்கு மூட்டு வலி, பியூலாவுக்கு ஜெபக் கூட்டம். அதனால் இரண்டு பேர்தான்.

"மேடம், ஆஸ் ஜோடி ஒத்த ஆளுக்கு எதிர நின்னா நூத்துக்கு எம்பத்தஞ்சு தடவ ஜெயிக்கும். மூணு பேர உள்ள விட்டியன்னா மூணுல ஒரு தடவ தோக்கும். சீட்டு அதேதான். நீங்க வழிவிட்டு வழிவிட்டுத்தான் அதக் கெடுக்குதிய" என்றார்.

"ஏத்துனா எல்லாரும் ஓடிட்டாங்கன்னா?"

"ஓடட்டுமே."

"பெறவு நல்ல சீட்டு வந்து என்ன பிரயோஜனம்?"

சிரித்தார். அவர் சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் ஒரு கோடு விழுகிறது. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, ஆட்டக் குறிப்பு மட்டும்தான் எழுதுவதாக இருந்தேன். சுண்டல் வாங்கித் தந்தார். காரம் கூடுதல்.

ஜூலை 5, புதன்

பால் வாங்கிவிட்டு ஏறும்போது படிக்கட்டில் சார் நின்றார். கையில் போன்.

"பெர்த்துல இருந்து லீமா கூப்பிட்டா. அங்கனயே வந்துருங்கப்பான்னு ஒரே பிடியா பிடிக்கா. இந்த வீட்டுக்கும் ஆளு கேட்டு வந்துருக்காங்க. மாதா கோயில் திருவிழா முடிஞ்சதும் கெளம்பச் சொல்லுதா" என்றார். லீமா அவருடைய ஒரே மகள், கடல் தாண்டி பெர்த் நகரத்தில் இருக்கிறாள்.

"அப்படியா" என்றேன்.

"நீங்க என்ன சொல்லுதிய?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க இஷ்டம் சார். பிள்ளை கூட இருக்கது நல்லதுதான" என்றேன்.

நியாயமான பதில்தான். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவர் தலையாட்டிவிட்டு மேலே போனார். நான் வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பக்கத்தில் நின்றும் பொங்கி வழிந்துவிட்டது.

ஜூலை 6, வியாழன்

அடுப்பைக் கழுவினேன்.

ஜூலை 9, ஞாயிறு

செந்தூரன் ஓசூரிலிருந்து பேசினான். "அம்மா, நீயும் இங்க வந்துரேன், தனியா அங்க என்ன செய்த?" என்று வழக்கமான பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் குறைந்துவிடும் என்றேன். "சீட்டுக்காகவா வரமாட்டேங்குத?" என்று சிரித்தான். ஆமாம் என்றேன். திருவிழாவோடு ஆட்டமும் முடிகிறது, இன்னும் நாலே ஞாயிறு என்பது அவனுக்குத் தெரியாது.

கை ஒன்றும் சரியில்லை. எல்லாவற்றையும் கவிழ்த்தேன். "என்ன, இன்னைக்கு விரதமா?" என்றார் அண்ணாச்சி.

ஜூலை 13, வியாழன்

மச்சாது சார் வீட்டை விற்க முன்பணம் வாங்கிவிட்டார். டிக்கெட்டும் போட்டாயிற்று, ஆகஸ்ட் 9. பியூலாதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லது என்றேன். வயதான காலத்தில் கடல் தாண்டிப் போவது சிரமம்தான், ஆனால் அவருக்குக் கடல் பழக்கம்.

ஜூலை 16, ஞாயிறு

இன்று ராஜா ஜோடி. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். பத்துச் சோழியை எடுத்து நடுவில் டம்மென்று வைத்தேன். பியூலா கவிழ்த்தாள். அண்ணாச்சி "எம்மாடி!" என்று கவிழ்த்தார். மச்சாது சாரும் கவிழ்த்தார். எனக்குக் கிடைத்தது ஆளுக்கொன்றாக ஏற்கெனவே நடுவில் கிடந்த மூன்று சோழி.

"பாத்தியளா? ஏத்துனா ஓடிப்போயிருதிய. ஏத்தலன்னா எல்லாரும் உள்ள வந்துருதிய. இதுக்கு ரம்மியே தேவல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

"மூணு சோழியும் ஜெயிப்புதான மேடம்" என்றார் சார்.

"எனக்கு மூணு சோழி வேண்டாம்."

"பெறவு என்ன வேணும்?"

தண்ணீர் வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்க் குடித்தேன்.

இப்போது யோசிக்கையில் ஒன்று புரிகிறது, ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். எனக்கு ஏற்றத் தெரியாமல் இல்லை. ஏற்றியதும் எதிரே இருப்பவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகிறாரே, அதைப் பார்க்கத்தான் பயம். தட்டிக்கொண்டே இருந்தால் தோற்றாலும் கடைசிவரை எல்லோரும் மேஜையில் இருப்பார்கள்.

ஜூலை 21, வெள்ளி

பியூலா வந்தாள். முறுக்கு கொடுத்தேன். பாதி முறுக்கில் நிறுத்தினாள்.

"உலகு, நான் ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது."

"கேளு."

"அந்த மனுசன் போறாரே, உனக்கு ஒண்ணுமே இல்லயா?"

"எனக்கு என்ன? உனக்குத்தான் கஷ்டம். குழம்பு குடுக்க ஆள் இல்லாமப் போகும்" என்றேன்.

பியூலா முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முப்பது வருடம் ஊசி போட்டவள் என்பதை அப்போதுதான் நம்பினேன்.

"ஏட்டி கூறுகெட்டவளே, எம்புருசன் போயி எட்டு வருசமா நான் நிம்மதியா இருக்கேன். மறுபடியும் ஒரு ஆம்பளைக்குத் துண்டு எடுத்துக் குடுக்க எனக்கென்ன கிறுக்கா? நாக்குக்கு ருசியா ஒரு மனுசன் சாப்பிடட்டும்னு குழம்பு குடுத்தேன். அவரு அதச் சாப்பிட்டுக்கிட்டே உன் அவியலப் பத்திப் பேசுதாரு."

அவியலைப் பற்றி என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"எனக்கு அம்பத்தொன்பது வயசு பியூலா. செந்தூரன் என்ன நெனப்பான்? ஊரு என்ன சொல்லும்? அவரு மாதா கோயிலுக்குப் போற வேதக்காரரு, நான் சைவம். எனக்குப் பேரன் இருக்கான்."

"இவ்வளவும் யோசிச்சு வச்சிருக்கயே, பெறவு எதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுத?" என்று மீதி முறுக்கையும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 30, ஞாயிறு

பனிமயமாதா கோயில் திருவிழா நடப்பதால் ஆட்டம் இல்லை. நாலு பேருமாகப் போனோம். கூட்டத்தில் அண்ணாச்சியும் பியூலாவும் பின்தங்கிவிட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஏனென்றால் மூட்டு வலிக்கார அண்ணாச்சி அப்புறம் ராட்டினத்தில் ஏறியதைப் பார்த்தேன்.

சார் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்து, "அங்க பெர்த்துலயும் கடல் இருக்காம். பெரிய கடலாம்" என்றார்.

"எல்லாம் ஒரே தண்ணிதான" என்றேன்.

"ஆமா" என்றார்.

இதைவிட மடத்தனமான உரையாடலை முப்பத்தொரு வருடத்தில் எந்த ட்ரங்க்காலிலும் நான் கேட்டதில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் மணி அடித்து எச்சரிக்க ஆள் இல்லாததால் அப்படியே அரை மணி நேரம் நடந்தோம்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

சார் தன் திருப்புளிப் பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டார். விமானத்தில் எடை கூடுமாம். எந்தத் திருப்புளி எதற்கு என்று ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அடுக்களைக் குழாய், மிக்ஸி, பால்கனிக் கதவு. எல்லாம் என் வீட்டுச் சாமான்கள். அவர் வீட்டுக்கு என்று ஒரு சீட்டும் இல்லை.

இன்று அழுதேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கடைசி ஆட்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணாச்சி மக்ரூன் பெட்டி கொண்டுவந்திருந்தார், பந்தயத்துக்கு அல்ல, தின்பதற்கு. யாரும் தொடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு ஆஸ் ஜோடி வந்தது. இஸ்பேட் ஆஸ், ஆட்டின் ஆஸ். என் முகம் பழையபடி வயிற்றுவலி முகமாகப் போகப் பார்த்தது. நான் விடவில்லை. என் முன்னால் இருந்த சோழி அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினேன்.

பியூலா கவிழ்த்தாள். அண்ணாச்சி கவிழ்த்தார். மச்சாது சார் கவிழ்க்கவில்லை. தன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன்னுடையதையும் முழுக்கத் தள்ளினார். அவரிடம் ஒன்பது ஜோடி. நான் என் ஆஸ்களைத் திருப்பியதும் எழுந்து நின்று கைதட்டினார். "இப்படித்தான் மேடம்! இதத்தான் ஆறு மாசமா சொல்லுதேன்!"

நடுவில் ராணி விழுந்தது. அடுத்து ஒன்பது.

மூன்று ஒன்பது. அதன்பிறகு விழுந்த சீட்டு எதுவும் எனக்கு உதவவில்லை. ஒரு சோழிகூட மிச்சமில்லாமல் தோற்றேன்.

சார் முகம்தான் தொங்கிப்போயிற்று. "நீங்க சரியாத்தான் ஆடுனிய. நூத்துக்குப் பதினஞ்சு தடவ இப்படி ஆகும்" என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

எனக்கு வருத்தமே வரவில்லை. முன்னால் மேஜை காலியாகக் கிடந்தது, மனசு லேசாக இருந்தது. ஏற்றித் தோற்றால் இவ்வளவுதானா? உயிரோடுதான் இருந்தேன். மூன்று பேரும் மேஜையில்தான் இருந்தார்கள்.

"சார், அன்னைக்குப் படிக்கட்டுல கேட்டியல்லா, நான் என்ன சொல்லுதேன்னு" என்றேன்.

"ஆமா."

"பொய் சொல்லிட்டேன். நீங்க போகக் கூடாது. எனக்கு நீங்க இங்க வேணும். ஊருக்கு முன்னால சொல்லுதேன், அண்ணாச்சிக்கும் பியூலாவுக்கும் தெரியட்டும்."

குரல் நடுங்கியது. முப்பத்தொரு வருடம் ஊரார் பேச்சையெல்லாம் நடுங்காமல் இணைத்துக் கொடுத்த குரல். அவர் கவிழ்த்துவிட்டு எழுந்து போனால் போகட்டும், நான் பார்த்துக்கொண்டிருப்பது என்று முடிவு செய்து அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"வீட்ட வித்தாச்சே" என்றார்.

"என் வீட்டுல மூணு ரூம்பு இருக்கு" என்றேன்.

அண்ணாச்சிக்குப் புரை ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியதும், "மாடியில என் பிளாட்டு ஒண்ணு சும்மாதான் பூட்டிக் கெடக்கு. ஒரு தாலியோ மோதிரமோ, உங்களுக்கு எது தோதோ, அது முடியுற வரைக்கும் சார் அங்கன இருக்கட்டும், ஊர் வாய அடைக்க அது போதும்" என்றார்.

"மகள்ட்ட சொல்லணுமே" என்றார் சார்.

"இப்பமே சொல்லுங்க" என்றாள் பியூலா.

பெர்த்தில் அப்போது மணி ஏழு இருக்கும். போட்டார், ஸ்பீக்கரில். லீமா எடுத்தாள். "என்னப்பா, பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

"லீமா, அப்பா வரல" என்றார்.

"வரலயா? ஏம்ப்பா?"

ஆறு மாதமாக எனக்கு "ஏத்துங்க, ஏத்துங்க" என்று பாடம் எடுத்த மனிதர் என்ன செய்தார்? "இல்லம்மா, இங்க கொஞ்சம் வேலை கெடக்கு, மோட்டார் ஒண்ணு சரியில்ல, பெறவு வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு மூட்டு வலி..." என்று தட்டிக்கொண்டே போனார். எனக்கு வந்த கோபத்தில் போனை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

"லீமா, நான் கீழ் வீட்டு உலகம்மா பேசுதேன். மோட்டாரெல்லாம் நல்லாத்தான் ஓடுது. உங்கப்பாவ நான்தான் போகக் கூடாதுன்னு சொன்னேன். எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. அவருக்கும் பிடிச்சிருக்குன்னு நெனைக்கேன், வாயத் திறந்து சொல்லத் தெரியல. உனக்கு இதுல மனசுக்குக் கஷ்டம்னா இப்பமே சொல்லிரு தாயி."

லைன் அறுந்துவிட்டதோ என்று பழைய பழக்கத்தில் காதோடு அழுத்தினேன். மூச்சு கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "ஆன்ட்டி, பக்கத்துல பேனா இருக்கா?"

இந்த டைரிதான் பக்கத்தில் இருந்தது. அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.

காலை, வெறும் வயிற்றில்: தைராய்டு மாத்திரை, ஒன்று.
காலைச் சாப்பாட்டுக்குப் பின்: பிரஷர் மாத்திரை, ஒன்று.
ராத்திரி: கொலஸ்ட்ரால் மாத்திரை, பாதி.
போட்டாச்சா என்று கேட்டால் போட்டாச்சு என்பார். நம்பக் கூடாது.